லாரியை மறித்த ஊர்: பிரைட்லிங்சீ, 1995

இந்த எபிசோட்ல ஒரு கேள்வியை எடுத்துக்கலாம். விலங்குகளுக்காகப் போராடுறவங்க ரோட்டை மறிக்கும்போது, பந்தயத்தை நிறுத்தும்போது, வேலையைத் தடுக்கும்போது, சுத்தி இருக்கிற ஜனங்க சில சமயம் அவங்களைத் திட்டுறாங்க, சில சமயம் கூட வந்து உக்காருறாங்க. ஏன் இந்த வித்தியாசம்? தலைப்பைப் பார்த்ததும் ஜல்லிக்கட்டு ஞாபகம் வந்திருக்கும். அது தனிக் கதை. இன்னைக்கு நாம போகப்போறது இங்கிலாந்துக்கு.

முதல்ல எல்லாருக்கும் ஓரளவு தெரிஞ்ச ஒரு சம்பவம். 2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை. லிவர்பூல் பக்கத்துல ஏன்ட்ரீ மைதானம். அங்கதான் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் நடக்கும். குதிரைகள் முப்பது தடுப்புகளைத் தாண்டி நாலு மைலுக்கு மேல ஓடணும். வருஷத்துல ஒரு நாள் கூடப் பந்தயம் பக்கம் போகாதவங்களும் அன்னைக்கு மட்டும் ஒரு பவுண்டாவது பந்தயம் கட்டுவாங்க. அந்த நாள்ல அனிமல் ரைசிங் அமைப்பைச் சேர்ந்தவங்க வேலி ஏறி உள்ள குதிச்சாங்க. பந்தயம் பதினாலு நிமிஷம் தள்ளிப்போச்சு. 118 பேர் கைது. கடைசில பந்தயம் தொடங்கினதும், முதல் தடுப்புலயே ஹில் சிக்ஸ்டீன்னு ஒரு குதிரை விழுந்து செத்துப்போச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். போராட்டக்காரங்க, "இதுக்குத்தான் நிறுத்தச் சொன்னோம்"னாங்க. குதிரையோட பயிற்சியாளர், "நீங்க பண்ணின தாமதத்துலதான் குதிரை மிரண்டுபோச்சு"ன்னாரு. ஒரே சாவு, ரெண்டு பக்கமும் அதையே ஆதாரமாக் காட்டுது. வெளில இருந்து பார்த்த பலபேருக்கு போராட்டக்காரங்க மேலதான் எரிச்சல்.

இதே நாட்டுல, இதுக்கு 28 வருஷம் முன்னாடி, ஒரு ஊரே பத்து மாசம் ரோட்டுல உக்காந்து லாரிகளை மறிச்சது. நூத்துக்கணக்குல கைதானாங்க. ஆனா நாட்டு ஜனங்கள்ல ரொம்பப் பேர் அவங்க பக்கம் நின்னாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

பாலில் தொடங்கும் கதை

அந்த லாரிகள்ல என்ன இருந்தது? செம்மறி ஆடுங்க, அப்புறம் கன்னுக்குட்டிங்க. எல்லாம் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போற உயிர்ச்சரக்கு.

கன்னுக்குட்டி ஏன் போகுதுன்னு புரியணும்னா பால் எப்படி வருதுன்னு யோசிக்கணும். மாடு கன்னு போட்டாத்தான் பால். கிடாரியா இருந்தா அடுத்த பால் மாடு. காளைக்கன்னா இருந்தா? பால் பண்ணைக்காரருக்கு அதால பிரயோஜனம் இல்ல. பால் இனத்து மாட்டுல கறியும் கம்மி. இங்கிலாந்துல அப்படிப் பொறந்த காளைக்கன்னுகளை வாங்கிக்க ஹாலந்துலயும் பிரான்ஸ்லயும் ஆள் இருந்தாங்க. 'வீல்'ன்னு சொல்ற வெளிறின கன்னுக்கறிக்கு அங்க நல்ல விலை. கறி வெளிறி இருக்கணும்னா கன்னுக்கு இரும்புச்சத்து ஏறக்கூடாது. அதனால புல்லு கிடையாது, பால் மாதிரி ஒரு கரைசல் மட்டும்தான். கன்னை அடைக்கிறது திரும்பிக்கூட நிக்க முடியாத ஒரு மரக்கூண்டுல.

இதுல முரண் என்னன்னா, அந்தக் கூண்டை பிரிட்டன் 1990லயே தடை பண்ணிடுச்சு. கொடுமைன்னு சட்டமே சொல்லியாச்சு. ஆனா தன் நாட்டுல பொறந்த கன்னை அதே கூண்டுக்கு ஏத்தி அனுப்புறது சட்டப்படி சரி. ஏன்னா பிரிட்டன் அப்போ ஐரோப்பிய ஒன்றியத்துல இருந்தது. ஒன்றியத்துக்குள்ள சரக்கு தடையில்லாம போகணும். கன்னுக்குட்டியும் சரக்குதான்.

பீட்டர் ராபர்ட்ஸ்னு ஒரு பால் பண்ணைக்காரர் 1967ல தொடங்கின கம்பேஷன் இன் வேர்ல்டு ஃபார்மிங் அமைப்பு இதை எதிர்த்து வருஷக்கணக்கா மனு கொடுத்தது, பிரச்சாரம் பண்ணினது. பயணிகளை ஏத்துற பெரிய ஃபெர்ரி கம்பெனிகளுக்கு ஜனங்க கடிதமா எழுதிக் குவிச்சாங்க. 1994 கடைசில அந்தக் கம்பெனிகள் ஒண்ணொண்ணா, "வெட்டுக்குப் போற உயிரை இனி ஏத்த மாட்டோம்"னு ஒதுங்கிக்கிட்டாங்க.

நம்ம வேலைல ஒரு சர்வர் விழுந்தா டிராஃபிக் தானா அடுத்த சர்வருக்குப் போகும். இங்கயும் அதே. பெரிய துறைமுகம் கைவிரிச்சதும் வியாபாரம் சின்னத் துறைமுகங்களுக்குத் திரும்புச்சு. தெற்குக் கரைல ஷோர்ஹாம். கிழக்குக் கரைல, எசெக்ஸ்ல, பிரைட்லிங்சீ. கன்னுகளை விமானத்துல ஏத்த கோவென்ட்ரி விமான நிலையம். அதுவரைக்கும் இந்த வியாபாரம் பெரிய துறைமுகங்களோட கேட்டுக்குள்ள, ஜனங்க கண்ணுல படாம நடந்தது. இப்போ வீட்டு வாசல் வழியாப் போக ஆரம்பிச்சது.

ஒரே ஒரு ரோடு

1995 ஜனவரி முதல் வாரம் ஷோர்ஹாம்ல மோதல் வெடிச்சது. ஜனங்க லாரி மேல ஏறினாங்க, கண்ணாடி உடைஞ்சது. ஆயிரத்துக்கும் மேல போலீஸை இறக்கித்தான் லாரிகளைக் கப்பலுக்குக் கொண்டுபோக முடிஞ்சது.

ஜனவரி 16, திங்கட்கிழமை, பிரைட்லிங்சீ முறை வந்தது. சுமார் எட்டாயிரம் பேர் இருக்கிற ஊர். படகு, சிப்பி, ஓய்வுபெற்ற ஆளுங்க, அவ்வளவுதான். ஊருக்குள்ள போக ஒரே ஒரு ரோடு. எங்க துறைல இதை 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு சொல்லுவோம். அந்த ஒண்ணு அடைச்சா மொத்தமும் நின்னுடும். படகுத்துறைக்குப் போற தெருக்கள் குறுகல், வீட்டு வாசல்படியை ஒட்டி லாரி போகும். பக்கவாட்டு கம்பி இடுக்கு வழியா ஆட்டோட மூக்கு தெரியும், சத்தம் கேக்கும், வாடை வரும்.

ஊர்க்காரங்க வந்து ரோட்டுல உக்காந்தாங்க. சாலை மறியல் நமக்குப் புதுசில்ல. தண்ணி வரலன்னா காலிக் குடத்தோட உக்காந்துடுவோம். ஆனா அந்த ஊருக்கு அது சுத்தமாப் புதுசு. வந்தவங்கள்ல நிறையபேர் பொம்பளைங்க, நடுத்தர வயசு, அதுக்கும் மேல. வாழ்க்கைல ஒரு ஊர்வலத்துல கூட நடக்காதவங்க. போலீஸ்னா நம்ம பக்கம்னு நம்பி வளர்ந்தவங்க.

அந்த வாரத்துலயே அவங்க முன்னாடி கலவரத் தடுப்பு உடை, ஹெல்மெட், தடியோட போலீஸ் வந்து நின்னது. ரோட்டுல உக்காந்த பாட்டிமாரைத் தூக்கி ஓரமாப் போட்டாங்க. டிவில நாடே பார்த்தது. 'தி இண்டிபென்டன்ட்' பத்திரிகை இதுக்கு 'பிரைட்லிங்சீ போர்'னு பேர் வச்சது, அந்தப் பேர் நின்னுபோச்சு.

போராட்டம் அக்டோபர் 30 வரைக்கும் நடந்தது. கணக்கைப் பாருங்க. அந்த மாசங்கள்ல 150 முறை லாரிகள் அணியா வந்தது, சுமார் 2,50,000 விலங்குகள் அந்தத் துறை வழியாப் போச்சு. எசெக்ஸ் போலீஸ் கைது பண்ணினது 598 பேரை. அதுல 421 பேர் உள்ளூர்க்காரங்க.

இந்த 421ங்கிற எண்ணை மனசுல வச்சுக்கோங்க. மறியல் பண்ணினா வழக்கமா வர்ற முதல் திட்டு என்ன? "வெளியூர்லருந்து வந்து வம்பு பண்றானுங்க, வேலையத்தவனுங்க." கைதானவங்கள்ல பத்துல ஏழு பேர் அதே தெருக்காரங்களா இருக்கும்போது அந்தத் திட்டு ஒட்டல. மறியலால யார் ரோடு அடைஞ்சது? அவங்க ரோடுதான். தொந்தரவு கொடுத்தவங்களும் தொந்தரவை அனுபவிச்சவங்களும் ஒரே ஆளுங்க.

ஜில் ஃபிப்ஸ்

பிப்ரவரி 1. கோவென்ட்ரி விமான நிலையம். அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு கன்னுகளை விமானத்துல அனுப்பிட்டிருந்தாங்க. விமான நிலையத்து வாசல்ல முப்பது சொச்சம் பேர் நின்னாங்க. அதுல ஒருத்தர் ஜில் ஃபிப்ஸ். வயசு 31, சின்னப் பையனுக்கு அம்மா. சிலபேர் போலீஸைத் தாண்டி லாரியை நிறுத்த ஓடினாங்க. ஜில் லாரி சக்கரத்துல மாட்டி இறந்துட்டாங்க.

டிரைவர் மேல வழக்கு போட ஆதாரம் போதாதுன்னு அரசு வழக்குத் தரப்பு முடிவு பண்ணினது. விசாரணை நீதிமன்றம் விபத்து மரணம்னு தீர்ப்பு சொன்னது. குடும்பம், "எப்படியாவது லாரியை உள்ள விடணும்னு போலீஸ் காட்டின அவசரம்தான் காரணம்"னு சொன்னது. கோவென்ட்ரி பேராலயத்துல நடந்த இறுதிச் சடங்குக்கு பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்டோ வந்திருந்தாங்க.

இந்த இடத்துல மறுபக்கத்தையும் பார்த்துடணும். லாரி ஓட்டினவங்க கூலிக்கு வண்டி ஓட்டினவங்க. ஆடு வித்த விவசாயி சட்டம் அனுமதிச்ச வியாபாரத்தைத்தான் பண்ணினாரு. அவங்க கேட்ட கேள்வி நியாயமானது: "சட்டப்படி நடக்கிற ஒரு தொழிலை, கூட்டம் கூடி நிறுத்த முடியும்னா, நாளைக்கு எந்தத் தொழில் மிஞ்சும்?"

கோர்ட்டுக்கும் அந்தக் கேள்வி போச்சு. பிரச்சினை வேண்டாம்னு கோவென்ட்ரி நகராட்சி, டோவர் துறைமுகம் மாதிரி இடங்கள் இந்த வியாபாரத்தை நிறுத்தப் பார்த்தப்போ, 1995 ஏப்ரல்ல உயர் நீதிமன்றம், "முடியாது"ன்னு சொல்லிடுச்சு. சட்டவிரோத மறியலுக்கு பயந்து அரசு அமைப்புகள் பணிஞ்சா சட்டத்தின் ஆட்சியே ஆட்டம் கண்டுடும்ங்கிறது அதோட சாரம். அதே சமயம் ஷோர்ஹாம்ல, சசெக்ஸ் போலீஸ் தலைவர், "என்கிட்ட இருக்கிற ஆளுக்கும் பணத்துக்கும் வாரத்துல ரெண்டு நாள், இல்ல ரெண்டு வாரத்துல நாலு நாள்தான் உங்க லாரிக்குப் பாதுகாப்பு"ன்னு கணக்குப் போட்டாரு. கப்பல் கம்பெனி வழக்கு போட்டது. 1998ல பிரபுக்கள் சபை நீதிபதிகள் போலீஸ் பக்கம் தீர்ப்பு சொன்னாங்க. இருக்கிற ஆள்பலத்தை எப்படிப் பங்கு போடுறதுன்னு முடிவெடுக்கிற உரிமை அவருக்கு உண்டு.

ரெண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படிச்சா ஒண்ணு புரியும். தொழிலுக்கு உரிமை உண்டு. ஆனா அந்த உரிமையைக் காப்பாத்த தினமும் நூத்துக்கணக்குல போலீஸ் தேவைப்பட்டா, யாராவது ஒருத்தர் செலவைக் கேப்பாங்க.

பிரைட்லிங்சீல அதுதான் நடந்தது. அக்டோபர் கடைசில ஏற்றுமதியாளர்கள், "தினசரி மறியலால ஆகுற கூடுதல் செலவு கட்டுப்படியாகல, இந்த ஊர் வழியா இனி அனுப்பல"ன்னு அறிவிச்சாங்க. எந்தச் சட்டமும் மாறல. செலவுக் கணக்குதான் மாறுச்சு. ஆடுங்க டோவர் வழியாப் போய்க்கிட்டே இருந்தது. கன்னு ஏற்றுமதி நின்னதுக்குக் காரணம் 1996 மார்ச்ல வெடிச்ச பைத்திய மாடு நோய்ப் பிரச்சினை. பிரிட்டிஷ் மாடு எதுவும் வேண்டாம்னு ஐரோப்பிய ஒன்றியமே கதவைச் சாத்துச்சு. 2006ல அந்தத் தடை விலகினதும் கன்னுகள் மறுபடி கப்பல் ஏறுச்சு.

இன்னொரு கிராமம், வேற முடிவு

இப்போ ஸ்டாஃபோர்ட்ஷையர்ல ஒரு சின்னக் கிராமம், நியூசர்ச். அங்க டார்லி ஓக்ஸ்னு ஒரு பண்ணை. மருந்து ஆராய்ச்சிக்காக கினிப்பன்றி வளர்த்துக் கொடுத்தாங்க. 1999ல போராட்டம் தொடங்குச்சு. ஆனா இங்க மறிக்க லாரி இல்ல, பார்க்க விலங்கும் இல்ல, எல்லாம் கொட்டகைக்குள்ள. அதனால ஒரு சிலர் மனுஷங்களைக் குறிவச்சாங்க. பண்ணைக்கு எண்ணெய் கொடுத்தவர், அங்க வேலை பார்த்தவங்க, அவங்க போற மதுக்கடை, எல்லாருக்கும் மிரட்டல். கிராமமே பயந்து வாழ்ந்தது.

2004 அக்டோபர்ல அந்தக் குடும்பத்தோட உறவுக்காரப் பாட்டி ஒருத்தரோட கல்லறையைத் தோண்டி உடம்பைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. 2005 ஆகஸ்ட்ல பண்ணை, கினிப்பன்றி வளர்ப்பை விட்டுடுறோம்னு அறிவிச்சது. 2006 மே மாசம்தான் எலும்புகள் கிடைச்சது. மிரட்டல் சதிக்காக நாலு பேருக்குச் சிறை, அதுல மூணு பேருக்கு 12 வருஷம்.

வெறும் இலக்கை மட்டும் பார்த்தா, இது ஜெயிச்ச போராட்டம். பண்ணை மூடியாச்சு. ஆனா பின்னாடி வந்ததைப் பாருங்க. விலங்கு ஆராய்ச்சி நிறுவனங்களையும் அவங்களோட தொழில் பண்றவங்களையும் மிரட்டுறதைத் தனிக் குற்றமாக்கி 2005ல சட்டம் வந்தது. அடுத்த வருஷம் ஆக்ஸ்ஃபோர்டுல, பல்கலைக்கழகம் கட்டிட்டிருந்த புது விலங்கு ஆய்வகத்துக்கு ஆதரவா, பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் 'ப்ரோ-டெஸ்ட்'னு ஒரு அமைப்பு தொடங்கினான். 2006 பிப்ரவரி 25ல நூத்துக்கணக்கானவங்க விலங்கு ஆராய்ச்சிக்கு ஆதரவா ஊர்வலம் போனாங்க. அதுக்கு முன்னாடி ஆராய்ச்சியாளர்கள் தங்க வேலையை வெளில சொல்லவே பயந்த காலம். இப்போ மாணவர்கள் பதாகை பிடிச்சு நடக்கிறாங்க. மருந்து ஆராய்ச்சியா கல்லறையாங்கிற கேள்வி வந்ததும், கினிப்பன்றியைப் பத்தி யோசிக்க யாருக்கும் இடமே இல்லாம போச்சு.

கோபம் வேற, விளைவு வேற

மூணு சம்பவத்தையும் பக்கத்துல வச்சுப் பார்க்கலாம்.

எவ்வளவு தொந்தரவுங்கிறதை வச்சுப் பார்த்தா பிரைட்லிங்சீதான் பெருசு. பத்து மாசம். கிராண்ட் நேஷனல் வெறும் பதினாலு நிமிஷம். ஆனா ஜனங்களோட கோபம் இந்த அளவுப்படி வரல. பிரைட்லிங்சீல எதை மறிச்சாங்களோ அதுக்குள்ளதான் விலங்கு இருந்தது. லாரி நின்னா அந்த ஆடு அன்னைக்குக் கப்பல் ஏறாது. விளக்கம் தேவையில்ல, துண்டுப்பிரசுரம் தேவையில்ல. பார்க்கிறவங்க கண்ணு போராட்டக்காரரைத் தாண்டி கம்பி இடுக்குல தெரியுற மூக்குக்குப் போச்சு. டார்லி ஓக்ஸ்ல கண்ணு கல்லறைல நின்னுடுச்சு. ஏன்ட்ரீல பாதிக்கண்ணு குதிரை மேல, பாதி வேலி ஏறினவங்க மேல. யார் தப்புன்னு சண்டை போட்டே நாள் போச்சு.

ஆனா "ஜனங்களுக்குப் பிடிச்ச மாதிரி போராடினா ஜெயிக்கும்"னு இதை முடிக்க முடியாது. வரலாறு அப்படிச் சொல்லல. எரிச்சல் சம்பாதிச்ச அந்தப் பதினாலு நிமிஷத்துக்கு ஆறு மாசம் கழிச்சு, 2023 அக்டோபர்ல, பந்தயத்தை நடத்துற ஜாக்கி கிளப் ஓடுற குதிரைகளோட எண்ணிக்கையை 40லருந்து 34 ஆக்குச்சு. முதல் தடுப்பைத் தொடக்கக் கோட்டுக்கு 60 கஜம் பக்கத்துல கொண்டுவந்தது, குதிரை அவ்வளவு வேகம் எடுக்காம இருக்க. போராட்டத்தாலதான்னு அவங்க சொல்லல. ஆனா அத்தனை கேமரா பார்த்த சாவுக்கப்புறம் சும்மா இருக்கவும் முடியல. மக்கள் அன்பு சம்பாதிச்ச பிரைட்லிங்சீக்கோ, அவங்க கேட்ட தடை அந்த வருஷம் கிடைக்கல, அதுக்கு அடுத்த வருஷமும் கிடைக்கல.

எப்போ கிடைச்சது? 2024 மே 20. ஆடு, மாடு, பன்றி, குதிரையை வெட்டுக்கோ கொழுக்க வைக்கவோ கிரேட் பிரிட்டன்லருந்து உயிரோட ஏற்றுமதி பண்ணக்கூடாதுன்னு சட்டம் வந்தது. இருபத்தொன்பது வருஷம் கழிச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துலருந்து வெளில வந்ததாலதான் அந்தச் சட்டம் போட முடிஞ்சது. அதுக்குள்ள, 2020 முடிஞ்ச பிறகு, வெட்டுக்கான ஏற்றுமதி நடைமுறைல நின்னே போயிருந்தது. அதனால, "காலியான கொட்டகைக்குப் பூட்டு போட்டாங்க"ன்னு கிண்டல் பண்ணலாம்தான். ஆனா பூட்டுக்கும் ஒரு வேலை இருக்கு. விலை ஏறினா வியாபாரம் திரும்பி வரும், 2006ல வந்த மாதிரி. இப்போ வர முடியாது.

அந்தச் சட்டம் நாடாளுமன்றத்துல பெரிய சண்டை இல்லாம நிறைவேறுச்சு. அதுக்கான காரணத்துல ஒரு பங்கு 1995ல இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஒரு தலைமுறைக்கு, உயிர் ஏற்றுமதின்னா ஞாபகம் வர்ற படம், குறுகலான தெரு, லாரி, ரோட்டுல உக்காந்த பாட்டிங்க. அந்தப் பாட்டிங்களுக்கு எதிரா நின்னு பேச எந்தக் கட்சிக்காரருக்கும் மனசு வரல.

மிரட்டினா ஒரு பண்ணையை மூட வைக்கலாம். கேமரா முன்னாடி குதிச்சா ஒரு பந்தயத்தோட விதியை மாத்த வைக்கலாம். அதுக்கெல்லாம் ஜனங்க கூட இருக்கணும்னு அவசியமே இல்ல. ஆனா ஆட்சி மாறினாலும், விலை மாறினாலும் நிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்னா, அதுக்கு பக்கத்து வீட்டுக்காரங்க தேவை. அது மெதுவாத்தான் வரும். ஜில் ஃபிப்ஸ் இருந்திருந்தா, அந்தச் சட்டம் வந்தப்போ அவங்களுக்கு அறுபது வயசு ஆகியிருக்கும்.

இதுல எந்த இடத்துல என்னோட ஒத்துப்போகலையோ, அதைக் கட்டாயம் எழுதி அனுப்புங்க.